டார்க் ரென்ச் சந்தேகம் கிளப்பும்போது: கிளிக் வகையிலும் டிஜிட்டலிலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வண்டி ஏறித் திருவனந்தபுரம் ஹேங்கர்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. டார்க் என்பது நட்டைத் திருப்பும் விசையின் அளவு. அதை வேண்டிய அளவுக்கு இறுக்க உதவுவது டார்க் ரென்ச்: கிளிக் வகை வைத்த அளவு வந்ததும் தட்டிச் சொல்லும், டிஜிட்டல் எண்ணைத் திரையில் காட்டும். உதாரணங்கள் செஸ்னா 172, லைகாமிங் பிஸ்டன் எஞ்சின் அளவிலான வேலைகளிலிருந்து வருகின்றன. பெரிய விமானங்களில் எண்கள் மாறும், பிழை தேடும் முறை மாறாது. இங்கே சொல்லும் டார்க் அளவுகள் கணக்குக்காகத்தான். கையில் இருக்கும் விமானத்தின் மெயின்டனன்ஸ் மேனுவல் சொல்வதே இறுதி. மேனுவலில் அளவு இல்லாத இடத்தில் மட்டும் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி ஏட்டின் 7ஆம் அத்தியாயம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தப்பு ரென்சிலா, கையிலா, இணைப்பிலா? ரென்சை லேபுக்கு அனுப்புவதற்கு முன் இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிளிக் ரென்ச் கையின் தப்பை மறைத்துவிடும், டிஜிட்டல் அதை அப்படியே எண்ணாகக் காட்டும். அதனால் டிஜிட்டலைப் புதிதாக வாங்கிய இடங்களில் முதல் மாதம் "மெஷின் சரியில்லை" என்ற புகார் அதிகம் வரும். பெரும்பாலும் மெஷின் சரியாகத்தான் இருக்கும்.

அறிகுறி: கிளிக்கில் இறுக்கிய நட்டை டிஜிட்டலில் பார்த்தால் வேறு எண் வருகிறது

அதிகம் கேட்கும் புகார் இது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கிளிக்கை 60 இஞ்ச்-பவுண்டுக்கு வைத்து 1/4-28 நட்டை (கால் இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை) இறுக்குகிறார்கள். பிறகு அதே நட்டில் டிஜிட்டலைப் போட்டு இழுக்கிறார்கள். 67, 68 என்று வருகிறது. உடனே கிளிக் ரென்சுக்குச் சிவப்பு டேக், அதாவது பயன்படுத்தாதே என்ற அட்டை.

நின்றுபோன நட்டை மறுபடி நகர்த்த, ஓடிக்கொண்டிருந்த நட்டை இறுக்கியதைவிட அதிக விசை வேண்டும். நிலை உராய்வு இயக்க உராய்வைவிடக் கூடுதல். டிஜிட்டல் பீக் மோடில் இருந்தால், நட் விடுபடும் அந்த நொடியின் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இறுக்கிய டார்க் அல்ல, உடைத்து நகர்த்திய டார்க்.

தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். டிஜிட்டலில் இறுக்கியதைக் கிளிக்கால் "செக்" செய்கிறார்கள். நட் நகராமல் கிளிக் அடித்தால் "சரி" என்கிறார்கள். நட்டில் 60 இருந்தாலும் கிளிக் அடிக்கும், 90 இருந்தாலும் அடிக்கும். கிளிக் சொல்வது "குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கிறது" என்பதை மட்டுமே. கூடுதலாக இறுக்கியதைக் கிளிக் ரென்சால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே இரண்டு ரென்சையும் ஒரே நட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டிய இடம் ஸ்டோரில் இருக்கும் டார்க் டெஸ்டர். அதற்கும் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி உண்டு, முதலில் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். டெஸ்டரின் துல்லியம் ரென்சைவிட நான்கு மடங்காவது மேலாக இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு.

1. டெஸ்டரும் ரென்சும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். டார்க் ரென்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789 சொல்லும் எல்லை 18 முதல் 28 டிகிரி.
2. கிளிக் ரென்சை அதன் முழு அளவில் ஐந்து முறை, இயக்கும் திசையிலேயே, கிளிக் அடிக்கவிடுங்கள். இந்த ஐந்தும் கணக்கில் சேராது.
3. பிறகு முழு அளவின் 20, 60, 100 சதவீதத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து முறை எடுங்கள். சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போங்கள்.
4. வித்தியாசத்தைச் சதவீதமாக்குங்கள்: ரென்சில் வைத்த அளவிலிருந்து டெஸ்டர் காட்டியதைக் கழித்து, டெஸ்டர் காட்டியதால் வகுங்கள். 100க்கு வைத்தது டெஸ்டரில் 94 வந்தால், 6 வகுத்தல் 94, அதாவது 6.4 சதவீதம்.

அதிகபட்ச அளவு 10 நியூட்டன்-மீட்டருக்கு மேல் உள்ள, அளவுகோல் போட்ட கிளிக் ரென்சுக்கு அனுமதி கூட்டல் கழித்தல் 4 சதவீதம். 10 நியூட்டன்-மீட்டர், அதாவது சுமார் 88 இஞ்ச்-பவுண்டு வரையிலான சின்ன ரென்சுக்கு 6 சதவீதம். மேலே வந்த 6.4 இரண்டிலும் தேறாது. டேக் போடுங்கள். டிஜிட்டலுக்கும் அந்த ஐஎஸ்ஓ எல்லை இதே 4, 6தான். தயாரிப்பாளர் 1 அல்லது 2 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த இறுக்கமான எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் முழு அளவின் 20 முதல் 100 சதவீதம் வரைக்கும்தான். இடஞ்சுழிக்கு வேறு எண் இருக்கலாம், கேட்லாக்கின் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

போட்ட நட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? நட்டிலும் பாகத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, தளர்த்தி, மறுபடி அதே கோடு சேரும் வரை டிஜிட்டலில் இறுக்கினால் வரும் எண் ஓரளவு நெருக்கம். அதுவும் மதிப்பீடுதான், ரெக்கார்டில் எழுதும் அளவல்ல. ரெக்கார்டுக்கு வேண்டுமென்றால் கழற்றிப் புதிதாக டார்க் போடுவதே வழி.

அறிகுறி: டெஸ்டரில் சரி, வேலையில் போட்டால் கூடுதல் அல்லது குறைவு

ரென்ச் தேறிவிட்டது. அடுத்தது கை. கிளிக் ரென்சில் கை எங்கே பிடிக்கிறது என்பது முக்கியம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டார்க் உண்டாவது சதுர டிரைவின் நடுவில். ஆனால் உள்ளே கிளிக்கைத் தீர்மானிக்கும் அச்சு சதுரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குழாய்க்குள் இருக்கிறது. இந்த இடைவெளி 1 இஞ்ச், சதுரத்திலிருந்து பிடியின் நடுவுக்கு 10 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். காலிபரேஷன் செய்தது பிடியின் நடுவில், 10க்கு 9 என்ற விகிதத்தில். எஞ்சின் கவுலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறை) இடமில்லாமல் கையை முன்னால் கொண்டுபோய் 6 இஞ்சில் பிடித்தால் விகிதம் 6க்கு 5 ஆகிறது. அதே கிளிக் இப்போது 8 சதவீதம் கூடுதல் டார்க்கில் அடிக்கும். பின்னால் குழாய் சொருகி 20 இஞ்ச் ஆக்கினால் 5 சதவீதம் குறைவாக அடிக்கும். ரென்ச் சரி, ஸ்டிக்கர் சரி, நட் தப்பு.

டிஜிட்டலிலும் ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் வளைவதை அளக்கும் உணரி) ஒரே இடத்தில் ஒட்டிய மாடல்களுக்கு இதே நோய் உண்டு. கை எங்கே பிடித்தாலும் ஒன்றுதான் என்று மேனுவல் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, பிடியில் இருக்கும் நடுக்கோட்டை மதியுங்கள். இரண்டு கையாலும் தலைப்பக்கத்தை அமுக்கிக்கொண்டு இழுப்பதையும் விட்டுவிடுங்கள். தலையைத் தாங்க ஒரு கை, பிடியின் நடுவில் ஒரு கை, அவ்வளவுதான்.

அறிகுறி: டிஜிட்டலில் எப்போதும் டார்கெட்டைத் தாண்டுகிறது

டார்கெட் 60 என்று வைத்தால் 64, 66, 65. "கிளிக்கில் இந்தத் தொல்லையே இல்லை" என்பார்கள். கிளிக்கிலும் இருந்தது, காட்டத்தான் வழியில்லை. கிளிக் அடித்தபின் ரென்ச் சில டிகிரி சும்மா நகரும். அந்த இடைவெளி முடிந்து கை நிற்காவிட்டால் உள்ளே பாகம் போய் முட்டும், டார்க் மறுபடி ஏறத் தொடங்கும். வேகமாக இழுக்கிற கைக்கு அந்த இடைவெளி போதாது. டிஜிட்டலில் அந்தச் சும்மா நகர்தல்கூட இல்லை. பஸ்ஸர் கத்தும் நொடியிலும் டார்க் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

முன்னறிவிப்பை டார்கெட்டின் 80 சதவீதத்தில் வையுங்கள். அதுவரை சாதாரணமாக இழுத்து, அங்கிருந்து டார்கெட் வரையிலான தூரத்தை ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்கு நிதானமாகக் கொண்டுபோங்கள். ஹேங்கரில் சத்தம் இருந்தால் பஸ்ஸரை நம்பாமல் அதிர்வையும் விளக்கையும் நம்புங்கள். டார்கெட்டை எப்போதும் அனுமதித்த பட்டையின், அதாவது கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியின், நடுவில் வையுங்கள். 1/4-28க்கு ஏசி 43.13-1பியின் பட்டியல் 50 முதல் 70 என்றால் 60ல் வைத்து 66 ஆனாலும் உள்ளேயே நிற்கும். 10-32க்கு 20 முதல் 25தான். அங்கே கைவீச்சுக்கு இடமே இல்லை, 22க்கு வைத்து மிக மெல்லப் போக வேண்டும்.

தாண்டிவிட்டால் தளர்த்தி மறுபடி 60க்கு வைத்தால் போதுமா? மேல் எல்லைக்குள் இருந்தால் கவலையில்லை. மேல் எல்லையையே தாண்டியிருந்தால் முடிவு ஏஎம்ஈயுடையது (உரிமம் பெற்ற விமானப் பராமரிப்பு எஞ்சினியர்). பல இடங்களில் போல்ட்டையும் நட்டையும் மாற்றச் சொல்லும் மேனுவல்கள் உண்டு. "கொஞ்சம் பின்னால் திருப்பினேன் சார்" என்பது பதில் ஆகாது.

அறிகுறி: முதல் கிளிக் மட்டும் கனமாக இருக்கிறது

ஸ்டோரில் வாரக்கணக்கில் கிடந்த ரென்ச். உள்ளே ஸ்பிரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன எஃகுக் கட்டை சாய்ந்து நிற்கிறது, அது புரளும்போதுதான் கிளிக். கட்டை உட்காரும் முகங்களில் இருக்கும் கிரீஸ் மெல்லப் பிழிந்து ஒதுங்கிவிடும், முதல் புரளலுக்கு உராய்வு அதிகம். முழு அளவில் ஐந்து முறை கிளிக் அடிக்கவிட்டுப் பிறகு தேவையான அளவுக்கு வைத்தால் சரியாகிவிடும். பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்கு மாற்றினாலும் இரண்டு மூன்று முறை அடிக்கவிடுங்கள். ஐந்துக்குப் பிறகும் ஒவ்வொரு கிளிக்கும் வேறு வேறாக வந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, லேபுக்குப் போக வேண்டியது.

குழாய்க்குள் டபிள்யூடி-40 அடிப்பதும், ரென்சை மண்ணெண்ணெய் அல்லது சால்வெண்டில் முக்குவதும் எந்த மெக்கானிக் சொல்லிக் கொடுத்ததோ தெரியவில்லை, இன்னும் நடக்கிறது. இருக்கும் கிரீஸையும் கழுவிவிட்டுக் காலிபரேஷனைக் கெடுக்கும் வழி அது. வெளியே துணியால் துடைத்தால் போதும்.

அறிகுறி: கிளிக் கேட்கவே இல்லை, நட் போய்க்கொண்டே இருக்கிறது

உடனே நிறுத்துங்கள். இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்ப்பதுதான் போல்ட் முறிகிற இழுப்பு.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள். யூனிட் சரியா? 60 இஞ்ச்-பவுண்டு என்பது 6.8 நியூட்டன்-மீட்டர். 60 நியூட்டன்-மீட்டருக்கு வைத்திருந்தால் அது 531 இஞ்ச்-பவுண்டு, 1/4 போல்ட் எப்போதோ போயிருக்கும். அடி-பவுண்டுக்கும் இஞ்ச்-பவுண்டுக்கும் பன்னிரண்டு மடங்கு. கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவர்களுக்குக் கிலோ-சென்டிமீட்டர் பழக்கம். 60 இஞ்ச்-பவுண்டு அதில் 69, எண்கள் நெருக்கமாக இருப்பதால் ஏமாற்றும். கிளிக் ரென்சில் இரண்டு அளவுகோல் இருந்தாலும், திருகும் பிடியில் உள்ள சின்னக் கோடுகள் பல மாடல்களில் ஒரு யூனிட்டுக்கு மட்டுமே சொந்தம். எதற்கு என்று பார்க்காமல் இன்னொன்றோடு கூட்டிவிட்டால் எண் தப்பு. டிஜிட்டலில் யூனிட் பட்டன் சட்டைப் பையில் அமுங்கி மாறியிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் முன் திரையின் யூனிட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் டாஸ்க் கார்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

யூனிட் சரி என்றால் அளவு ரென்சின் அடிப்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். 250 இஞ்ச்-பவுண்டு ரென்சை 40க்கு வைத்தால் அது 20 சதவீதத்துக்கும் கீழே. அந்த அளவில் கிளிக் மெல்லிய ஒரு தட்டு, ஏபியு (விமானத்தின் துணை எஞ்சின்) ஓடும் சத்தத்தில் கையிலும் தெரியாது காதிலும் கேட்காது. சின்ன ரென்ச் எடுங்கள். அடுத்து லாக் வளையம் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் இழுக்கும்போதே பிடி திரும்பி அளவு மாறிவிடும். எல்லாம் சரியென்றால் டெஸ்டரில் போடுங்கள். அங்கும் கிளிக் இல்லை என்றால் உள்ளே கட்டையோ ஸ்பிரிங்கோ போய்விட்டது.

டெஸ்டரில் கிளிக் சரியாக வந்தால் ரென்சை விட்டுவிட்டுப் போல்ட்டைப் பாருங்கள். டார்க் ஏறாமல் நட் சுற்றுகிறது என்றால் மரை வழுக்குகிறது அல்லது போல்ட் நீள்கிறது. மரையில் எண்ணெய் அல்லது ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துவிடாமல் தடவும் பசை) இருக்கிறதா? ஏசி 43.13-1பியின் பட்டியல் எண்ணெய் படாத, கேட்மியம் பூசிய மரைக்கு. எண்ணெய்ப் பசை இருந்தால் அதே டார்க்கில் போல்ட்டில் விழும் இழுவிசை கூடிப்போகும். ஸ்பார்க் பிளக் போன்ற இடங்களில் ஆன்டி-சீஸ் போடச் சொல்லியே அளவு கொடுத்திருப்பார்கள். அது வேறு கதை. லைகாமிங் பிளக்குக்கு மேல் எல்லை 420 இஞ்ச்-பவுண்டு, அதாவது 35 அடி-பவுண்டு.

இதற்கு நேர் எதிர் அறிகுறியும் உண்டு: கிளிக் சீக்கிரமே வந்துவிட்டது, பாகம் இன்னும் ஆடுகிறது. நட் மரை முடியும் இடத்தில் போய் முட்டிக்கொண்டது. போல்ட்டின் கிரிப் நீளம், அதாவது மரையில்லாத பகுதி, அதிகம். வாஷர் கூட்டுங்கள் அல்லது சரியான நீளப் போல்ட் எடுங்கள். இங்கே ரென்ச் பொய் சொல்லவில்லை, டார்க் உண்மையாகவே வந்தது, தப்பான இடத்தில் வந்தது.

அறிகுறி: டிஜிட்டலின் பூஜ்யம் நிற்கவில்லை

ஓடுபாதை சங்குமுகம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. இடவப்பாதி மழையிலும் (தென்மேற்குப் பருவம்) துலாவர்ஷத்திலும் (வடகிழக்குப் பருவம்) காற்றில் ஈரம் தொட்டால் ஒட்டும். ஏசி போட்ட ஸ்டோரிலிருந்து ரென்சை எடுத்து நேரே வெளியே கொண்டுபோனால் குளிர்ந்த உலோகத்தின்மேல் வியர்க்கும். திரையின் ஓரம், பேட்டரி மூடி, பட்டன் சந்து வழியாக அந்த ஈரம் உள்ளே போகிறது. ஸ்ட்ரெய்ன் கேஜும் அதன் கம்பிகளும் மிகச் சின்ன மின்தடை மாற்றத்தை அளப்பவை. ஈரமும் வெப்பநிலை ஏற்றமும் அவற்றுக்கு டார்க் மாதிரியே தெரியும். சும்மா மேஜையில் கிடக்கும் ரென்ச் 0.4, 0.7, 1.1 என்று ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

ரென்சை மூடிய பெட்டியிலேயே வேலை இடத்துக்குக் கொண்டுபோய், பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். பிறகு திறந்து, சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மாட்டி, கை படாமல் சமதளத்தில் வைத்து ஆன் செய்து பூஜ்யமாக்குங்கள். நட்டில் மாட்டிய நிலையில், பிடியைத் தாங்கிக்கொண்டு ஆன் செய்தால் அந்தச் சுமையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிறகு காட்டுவதெல்லாம் அதே அளவு குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். கோணம் அளக்கும் மாடல்களில் இன்னும் கண்டிப்பு: உள்ளே கைரோ இருப்பதால் பூஜ்யம் எடுக்கும் சில நொடிகள் அசையவே கூடாது. வெயிலில் காய்ந்த ரேம்ப்பில் விமானத்தின் இறக்கைமேல் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் மறுபடி பூஜ்யம் எடுங்கள். பூஜ்யம் எடுத்தபின்னும் ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் ரென்ச் அளவை மீறி இழுக்கப்பட்டிருக்கலாம், கேஜ் ஒட்டிய உலோகம் நிரந்தரமாக வளைந்திருக்கும். அதற்கு மருந்து லேபில்கூட இருக்காது. மெனுவில் ஓவர்லோட் எண்ணிக்கை இருந்தால் பாருங்கள், அது பூஜ்யத்தில் இல்லையென்றால் யாரோ அதைக் கொண்டு நட்டைக் கழற்றியிருக்கிறார்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று மட்டும். மாதக்கணக்கில் பயன்படாது என்றால் கழற்றி வையுங்கள். இந்த ஈரத்தில் ஆல்கலைன் செல் ஒழுகினால் உள்ளே போர்டு போய்விடும்.

கிளிக் ரென்சுக்கும் கடற்காற்று நண்பனில்லை. ராட்செட் பல்லில் துரு ஏறினால் பல் தாவும், தாவும்போது வரும் "டக்" சத்தத்தைக் கிளிக் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தலையை மெல்ல இரு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். சொரசொரப்பு இருந்தால் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: குரோஃபுட் போட்டபின் எண் ஒத்துவரவில்லை, அல்லது குரோஃபுட் கழற்றியபின்னும் டிஜிட்டல் தப்பாகக் காட்டுகிறது

குரோஃபுட் என்பது இடமில்லாத இடத்தில் நட்டைப் பிடிக்க ரென்சின் சதுரத்தில் மாட்டும் திறந்த வாய் நீட்டிப்பு. நேராக முன்னோக்கிய நீட்டிப்புக்கு: ரென்சில் வைக்க வேண்டியது = தேவையான டார்க் × கை நீளம் ÷ (கை நீளம் + நீட்டிப்பு). கை நீளம் என்பது சதுரத்தின் நடுவிலிருந்து பிடியின் நடு வரை. நீட்டிப்பு என்பது சதுரத்தின் நடுவிலிருந்து நட்டின் நடு வரை. லைகாமிங் சிலிண்டர் அடியில் உள்ள 1/2 இஞ்ச் நட்டுக்கு 600 இஞ்ச்-பவுண்டு. கை நீளம் 15 இஞ்ச், நீட்டிப்பு 2 இஞ்ச் என்றால் 600 × 15 ÷ 17, அதாவது 529. குரோஃபுட்டை 90 டிகிரியில் மாட்டினால் நீளம் கூடாது, 600லேயே வைக்கலாம். இடம் கிடைத்தால் அதுதான் உத்தமம், கணக்கே வேண்டாம். பின்னோக்கி மாட்டினால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.

டிஜிட்டலில் இந்த நீளத்தை மெனுவில் கொடுத்தால் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வசதிதான். வம்பும் அங்கேதான். முந்தைய ஷிஃப்ட்டில் யாரோ 2 இஞ்ச் கொடுத்துவிட்டு அழிக்காமல் போயிருப்பார். இப்போது வெறும் சாக்கெட்டில் இழுக்கிறீர்கள். திரை 600 காட்டும்போது நட்டில் இருப்பது 529, கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைவு. பூஜ்யம் சரி, பேட்டரி சரி, ஸ்டிக்கர் சரி. இதைப் போல மறைந்திருக்கும் பிழை கிளிக் ரென்சில் கிடையாது, அதன் அளவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. டிஜிட்டலை ஸ்டோரில் வாங்கும்போதே நீளத் திருத்தம் பூஜ்யமா, யூனிட் எது, பீக் மோடா டிராக் மோடா (அந்தந்த நொடியின் டார்க்கைக் காட்டுவது) என்று மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மூன்று.

அறிகுறி: செல்ஃப் லாக்கிங் நட்டில் டார்க் வந்துவிட்டது, ஆனால் பிடிப்பு சந்தேகம்

செல்ஃப் லாக்கிங் நட் தானே மரையைக் கவ்விப் பிடித்துத் தளராமல் நிற்பது. நட்டின் அந்தச் சொந்தப் பிடிப்பு, டார்க்கில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. 3/8-24 நட்டுக்குப் பட்டியல் 160 முதல் 190. நட் இருக்கைக்கு வருமுன் சுற்றவே 20 இஞ்ச்-பவுண்டு கேட்டால் இறுதி அளவு 180 முதல் 210. மேனுவலில் கொடுத்த அளவு இந்தப் பிடிப்பைச் சேர்த்ததா சேர்க்காததா என்று முதலில் படியுங்கள். சேர்த்ததற்கு மறுபடி கூட்டினால் அது ஓவர் டார்க்.

இந்த 20ஐ அளப்பது கிளிக் ரென்சால் ஆகாத காரியம். அது ஒரு வாசலை மட்டுமே காட்டும், ஓடும் அளவைக் காட்டாது. டிஜிட்டலை டிராக் மோடில் வைத்து, அல்லது டயல் ரென்சில், நட்டை ஒரே சீராகச் சுற்றும்போது எண்ணைப் படியுங்கள். பீக் மோடில் வைத்தால் தொடக்க உதறல்தான் பதிவாகும். ரென்சின் அளவும் பொருந்த வேண்டும்: 1000 இஞ்ச்-பவுண்டு டிஜிட்டலில் 8ஐப் படிப்பது அர்த்தமில்லை. 8 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மறுபடி பயன்படுத்தும் 7/16-20 நட்டுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பு 8, 1/2-20க்கு 10. அதற்குக் கீழே போனால் நட்டைத் தூக்கிப் போடுங்கள்.

காஸில் நட்டில் (தலையில் வெட்டுகள் உள்ள நட்) காட்டர் பின் (நட் சுழலாமல் குறுக்கே சொருகும் கம்பி) துளை சேரவில்லை என்றால் கீழ் எல்லையில் தொடங்கி மேல் எல்லைக்குள் சேர்த்துப் பாருங்கள். சேராவிட்டால் வாஷரை மாற்றுங்கள். துளைக்காக நட்டைப் பின்னால் திருப்புவதும் மேல் எல்லையைத் தாண்டுவதும் ஒரே குற்றம்.

எதை எங்கே எடுப்பது

எரிபொருள் டேங்குக்குள்ளும் ஆவி நிற்கும் இடத்திலும் கிளிக். தீப்பொறி அபாயம் இல்லை என்று சான்று பெற்ற டிஜிட்டல் மட்டுமே அங்கே போகலாம். கண்ணுக்குத் திரை தெரியாத, தலைகீழாக எட்டிப் பிடிக்கும் இடத்திலும் கிளிக்தான், கை உணரும். ஒரே அளவில் வரிசையாக நூறு இன்ஸ்பெக்‌ஷன் பேனல் ஸ்க்ரூ என்றாலும் அதுவே. பிடிப்பு அளப்பது, டார்க் போட்டபின் கோணம் திருப்புவது, உச்சத்தைப் பதிவு செய்ய வேண்டிய எஞ்சின், புரொப்பெல்லர் வேலை: டிஜிட்டல். இரண்டில் ஒன்று போதும் என்று வாங்குவது செலவு மிச்சமாகத் தெரியும். கிளிக் மட்டும் வைத்திருக்கும் இடத்தில் ஒரு சின்ன டயல் ரென்சாவது இருக்கட்டும்.

அறிகுறி: லேபிலிருந்து "வந்த நிலையில் தேறவில்லை" என்று ரிப்போர்ட்

தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 6789 கணக்கு 12 மாதம் அல்லது 5000 இழுப்பு, எது முதலோ அது. கிளிக் ரென்ச் இழுப்பை எண்ணாது, ஸ்டோர் ரெஜிஸ்டர்தான் எண்ண வேண்டும். கீழே விழுந்தாலோ அளவு மீறி இழுத்தாலோ தேதிக்குக் காத்திராமல் அனுப்புங்கள். இந்திய விமானத்துறை ஆணையமான டிஜிசிஏவின் பராமரிப்பு நிறுவன விதி சிஏஆர்-145, காலிபரேஷன் ரெக்கார்டையும், அளவு எந்த ஸ்டாண்டர்டோடு தொடர்பு கொண்டது என்பதையும் கேட்கும். என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் என்றால் அந்தத் தொடர்பு சான்றிதழிலேயே இருக்கும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது சரிசெய்தபின் வந்த எண்களை அல்ல, சரிசெய்யும் முன் வந்த எண்களை. குறைவாக அடித்ததா, கூடுதலாகவா, எந்த அளவில்? கிளிக் ரென்ச் எல்லா அளவிலும் ஒரே சீராகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்வு, உயர்ந்த அளவிலேயே விட்டுப் பெட்டியில் போட்டு வைத்த பழக்கம். வேலை முடிந்ததும் அளவுகோலின் அடி எண்ணுக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே திருகிவிட்டால் உள்ளே கட்டை இடம் மாறும்.

பிறகு, கடைசியாகத் தேறிய தேதியிலிருந்து இந்த ரென்ச் தொட்ட வேலைகள் எல்லாம் வேண்டும். டாஸ்க் கார்டில் ரென்சின் சீரியல் எண் எழுதியிருந்தால் ஒரு மணி நேர வேலை. எழுதாவிட்டால் ஹேங்கரில் நின்ற ஒவ்வொரு விமானமும் சந்தேகத்தில். டிஜிட்டலில் நினைவகம் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். அது எண்ணைத்தான் வைத்திருக்கும், எந்த நட் என்பதை அல்ல.

பட்டியல் கிடைத்ததும் குறைவாக அடித்த ரென்சின் வேலைகளில், பிழையின் அளவைப் பட்டியல் பட்டையோடு ஒப்பிடுங்கள். 60க்கு வைத்தது உண்மையில் 56 என்றால் 50 முதல் 70க்குள் நிற்கிறது, எழுதி மூடலாம். 10-32ல் 22க்கு வைத்தது 19.5 என்றால் வெளியே, திறக்க வேண்டும். குறைவு சந்தேகத்துக்குத் தேறிய கிளிக் ரென்சால் மேலே இறுக்கிப் பார்ப்பதைச் சில இடங்களில் ஏற்பார்கள். கூடுதல் சந்தேகத்துக்கு அது உதவாது: கழற்றி, போல்ட்டையும் மரையையும் பார்த்து, புதுக் காட்டர் பின், புது டார்க் சீல் கோட்டோடு (நட் நகர்ந்தால் தெரியும்படி போடும் பெயிண்ட் கோடு) மறுபடி போடுவதுதான். சிலிண்டர் அடி நட்டுகளை மட்டும் வரிசையாகத் தளர்த்திக்கொண்டே போகாதீர்கள், அவை எஞ்சின் கேஸின் உள் பேரிங்குகளையும் பிடித்து நிறுத்துபவை. அங்கே எந்த வரிசையில், எத்தனை கட்டமாக என்பதை எஞ்சின் மேனுவல் திறந்து வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.